லுண்ட் விழாவுக்கு ஒரு வால்கோட்டு: அப்பாவுக்குக் கடிதம்

ஸ்டாக்ஹோம்,
டிசம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் தங்கையும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பத்தாம் தேதி நோபல் விழா முடியும்வரை கடையில் தலைநிமிர நேரமில்லாததால் இன்றுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். இந்த மாதத்தில் இங்கே பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்கும் வேலையை விளக்கு வெளிச்சத்தில்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்பதால், முதலாளியம்மா என் மேசைக்கு மேல் தனியாக ஒரு விளக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

நம் தெரு ஆசிரியர் மகன் வரும் மே மாதக் கடைசியில் இங்கே சுவீடனில் உள்ள லுண்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெறப்போகிறான் என்றும், அந்த விழாவுக்கு வேண்டிய வால்கோட்டை வாடகைக்கு எடுக்காமல் உங்கள் கையால் தைத்துப் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் நிறைந்துபோனது. நான் இந்த நாட்டுக்கு வந்து கற்றுக்கொண்டதில் மிக உயர்ந்தது இந்த உடைதான். இதைப் பற்றி உங்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்பக்கம் இடுப்போடு நின்று, பின்னால் வால்கள் தொங்கும் இந்தக் கோட்டுக்கு இங்கே ஃபிராக் என்று பெயர். அரண்மனை விருந்து, நோபல் விழா, பெரிய மாணவர் விருந்துகள், சில வீட்டுத் திருமணங்கள், இவற்றோடு பல்கலைக்கழகங்களின் பட்டமளிப்பு ஆகியவற்றுக்கு ஆண்கள் இதைத்தான் அணிகிறார்கள். பல நாடுகளில் இது மாலைக்கு மட்டுமே உரிய உடை. சுவீடனிலோ பட்டமளிப்புச் சடங்குக்குப் பகலிலும் போடுவார்கள். அப்போது உள்ளே, சட்டைக்கு மேல் போடும் கையில்லாத மேலுடையான வெயிஸ்ட்கோட் கறுப்பு, இரவு விருந்துக்கு வெள்ளை வெயிஸ்ட்கோட் என்பது பழைய வழக்கம். லுண்டில் பட்டம் பெறுவோர் பல்கலைக்கழகக் கட்டடத்திலிருந்து பேராலயத்துக்கு ஊர்வலமாகச் செல்வார்கள். அங்கே துறைக்கேற்ப லாரல் இலை வளையமோ தொப்பியோ அவர்கள் தலையில் சூட்டப்படும். ஆகவே ஆசிரியர் மகனான அந்தத் தம்பிக்கு ஒரு கோட்டு, ஒரு கால்சட்டை, இரண்டு வெயிஸ்ட்கோட் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் பட்டாம்பூச்சிபோல் முடியும் போ டை மட்டும் இரண்டு வேளையும் வெள்ளைதான்.

அப்பா, இந்த உடையில் சரி, தவறு என்று ஊரார் சொல்லும் பல விதிகளைத் தம்பி எங்காவது படித்துவிட்டு வந்து உங்களிடம் ஒப்பிப்பான். அவற்றில் பெரும்பாலானவை கடையில் வாங்கும் பொருள்களைப் பற்றியவை. தையற்காரரின் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், உடையின் அழகெல்லாம் அதில்தான் நிற்கிறது. கோட்டின் முன்பக்கம் இடுப்போடு நறுக்கப்பட்டிருக்கும். அந்த விளிம்புக்குக் கீழே வெள்ளை வெயிஸ்ட்கோட் ஒரு நூலளவும் எட்டிப் பார்க்கக் கூடாது. வெயிஸ்ட்கோட்டுக்கும் கால்சட்டைக்கும் நடுவே சட்டைத் துணியும் தெரியக் கூடாது. இந்த மூன்றும் இடுப்பில் சேரும் இடம் ஒழுங்காக அமைந்துவிட்டால் மார்பு அகன்றும் கால்கள் நீண்டும் தெரியும், ஆள் ஒரு பிடி உயர்ந்து நிற்பான். அது தவறினால் எத்தனை விலையுயர்ந்த துணியாக இருந்தாலும் இரவல் உடைபோல்தான் இருக்கும். வாடகைக்கு எடுத்துப் போகிறவர்களில் பலருக்கு வெயிஸ்ட்கோட்டின் வெள்ளைப் பட்டை கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் அகலம் தொங்குவதை ஒவ்வொரு விழாப் படத்திலும் பார்க்கலாம். அது அவர்கள் குற்றமில்லை. இன்றைய கால்சட்டைகள் இடுப்பெலும்பில் நிற்கப் பழகிவிட்டன, இந்தக் கோட்டோ உயர்ந்த இடுப்பை எண்ணி வெட்டப்படுவது. இடையில் உண்டாகும் இடைவெளியை மறைக்கத்தான் வெயிஸ்ட்கோட்டை நீளமாக்கிவிடுகிறார்கள்.

அதனால் வெட்டுவதைக் கால்சட்டையிலிருந்து தொடங்குங்கள். அதன் இடுப்பு தொப்புள் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ வர வேண்டும். நம் தாத்தா காலத்துக் கால்சட்டைகளின் உயரம் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். பெல்ட் லூப் வைக்கவே கூடாது. தோள்வார் மாட்டுவதற்கு உள்பக்கம் முன்னால் நான்கு பட்டன், பின்னால் இரண்டு. தோள்வாரில் தொங்கினால்தான் கால்சட்டை நாள் முழுவதும் வைத்த இடத்தில் நிற்கும், உட்கார்ந்து எழுந்தாலும் அந்த இடுப்புக் கோடு குலையாது. இரு பக்கத் தையலின் மேலும் மேலிருந்து கீழ்வரை பட்டு நாடா ஓட வேண்டும். வால்கோட்டுக்கு இரண்டு நாடா, வாலில்லாத டின்னர் ஜாக்கெட்டுக்கு ஒன்று. கால் நுனியில் வெளி மடிப்பு கிடையாது. முன்பக்கம் ஷூவின் மேல் லேசாகத் தொட்டு, பின்பக்கம் சிறிது சரிந்து இறங்கும்படி முடியுங்கள்.

இனி கோட்டு. துணி கறுப்புக் கம்பளி, அல்லது நள்ளிரவு நீலம். பின்னர் எட்டாம் எட்வர்டு மன்னராகி, அதன்பின் விண்ட்சர் கோமகன் எனப்பட்ட இங்கிலாந்து இளவரசர் அந்த நீலத்தைப் பரவலாக்கினார். செயற்கை வெளிச்சத்தில் சில கறுப்புகள் பச்சையடித்துத் தெரியும், அடர்நீலமோ கறுப்பைவிடக் கறுப்பாகத் தெரியும் என்பது அதன் காரணம். துணி எடுக்கும்போது கடை வாசலில் வெயிலில் பார்ப்பதோடு நிறுத்தாமல், விளக்கடியிலும் விரித்துப் பாருங்கள். மார்பில் மடிந்து நிற்கும் லேப்பல் கூர்முனை மேல்நோக்கியதாக இருக்க வேண்டும், அதன் முகப்பு முழுவதும் பட்டு. முன்பக்கத்தில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு பட்டன்கள் அலங்காரத்துக்கு மட்டுமே. கோட்டை மூடவே முடியாது, மூடும் அளவுக்குத் துணியும் விடுவதில்லை. அப்படியிருந்தும் அது உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதில்தான் வெட்டுபவரின் திறமை இருக்கிறது. பட்டன் போட்டு இழுத்துப் பிடிக்க வழியில்லாததால், கழுத்தும் தோளும் முதுகும் மட்டுமே கோட்டைச் சுமக்கின்றன. கைத்துளையை நீங்கள் வழக்கமாக வைப்பதைவிட உயரமாகவும் சிறியதாகவும் வெட்டுங்கள். பழக்கமில்லாதவனுக்கு முதலில் அக்குளில் இறுக்கமாகத் தோன்றும். ஆனால் கையைத் தூக்கும்போது கோட்டு மொத்தமும் கழுத்துக்கு ஏறாமல் இருக்க அதுவே வழி. பத்தாம் தேதி நிகழ்ச்சியின் பதிவைக் கைப்பேசியில் பார்த்தால், ஸ்டாக்ஹோம் இசையரங்கில் இசைக்குழுவை நடத்துபவரைக் கவனியுங்கள். இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தும்போது கோட்டின் காலர் கழுத்தைவிட்டு விலகுகிறதா என்று பாருங்கள்; நல்ல வெட்டு எது என்று நான் எழுதிக் காட்டுவதைவிட அது தெளிவாகக் காட்டும்.

பின்னால் வால்கள் முழங்காலின் பின்மடிப்பு வரை வர வேண்டும், அதற்கு மேல் நீளக் கூடாது. இந்த வெட்டு குதிரையேற்றக் கோட்டிலிருந்து வந்தது. சேணத்தில் உட்காரும்போது தொடையில் தடுக்காமலிருக்க முன்பக்கத்தை நறுக்கி, பின்பக்கத்தைப் பிளந்துவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் போ பிரம்மெல் என்பவர் பூவேலைப் பட்டுகளை ஒதுக்கி, கருநிறக் கோட்டும் கஞ்சியிட்ட வெள்ளைக் கழுத்துத்துணியுமாக நடமாடி, வெட்டின் செம்மையே ஆணுக்கு அழகு என்று நிலைநாட்டினார். இருநூறு ஆண்டுகளாகியும் இந்த உடை அந்த வழியிலேயே நிற்கிறது. சரிகையில்லை, வண்ணமில்லை, ஒளித்துக்கொள்ள ஒரு பூவேலைகூட இல்லாத உடையில் தையற்காரரின் கை அப்படியே வெளியே தெரிகிறது. எனக்கு இதன்மேல் இவ்வளவு மதிப்பு உண்டானதற்கு அதுதான் காரணம், அப்பா.

வெள்ளை வெயிஸ்ட்கோட்டுக்கு மார்செல்லா என்னும் புள்ளிநெசவுப் பருத்தித் துணி வேண்டும். அதை நான் இங்கிருந்தே அனுப்புகிறேன். கறுப்பு வெயிஸ்ட்கோட்டைக் கோட்டுத் துணியிலேயே வெட்டலாம். சட்டையின் மார்புப் பகுதிக்கும் அதே மார்செல்லாதான். அதற்கு இடும் கஞ்சி நம் ஊரில் சலவையிலிருந்து வரும் எட்டுமுழ வேட்டியைவிட விறைப்பாக, பலகைபோல் நிற்க வேண்டும். பட்டனுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் சிறு குமிழ்கள், மணிக்கட்டில் கஃப் லிங்க், கழுத்தில் தனியாக மாட்டும் இறகு வடிவக் காலர். அந்தக் காலரின் இரு முனைகளும் போ டைக்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் வரக் கூடாது. டை வெள்ளை மார்செல்லாவில், கையால் கட்டுவதாக இருக்கட்டும். சாதாரணக் காலர் மடிந்து டையின் பட்டையை மறைத்துவிடும். இறகுக் காலர் மடிவதில்லை, ஆகையால் முன்கட்டிய டையின் கொக்கியும் பட்டையும் கழுத்தைச் சுற்றிலும் பளிச்சென்று தெரியும். தம்பியின் கழுத்தளவுக்கே சரியாக ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டு, கட்டும் முறையை இப்போதிருந்தே பழகச் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கம்: கறுப்பு மினுக்குத் தோல் ஷூ, முழங்கால்வரை ஏறும் மெல்லிய கறுப்புக் காலுறை, மார்புப் பையில் வெள்ளைக் கைக்குட்டை. கைக்கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அவனுக்குச் சொல்லிவிடுங்கள். டின்னர் ஜாக்கெட்டும் இதுவும் ஒன்றல்ல. லண்டனில் தையற்கடைகளுக்குப் பெயர்போன சேவில் ரோ தெருவில் உள்ள ஹென்றி பூல் கடையினர் 1865-இல் அன்றைய வேல்ஸ் இளவரசருக்கு, வீட்டோடு உண்ணும் சாதாரண விருந்துகளுக்காக வாலில்லாத ஒரு குட்டைக் கோட்டைத் தைத்துக் கொடுத்தார்கள். கறுப்பு டையோடு அணியும் டின்னர் ஜாக்கெட் அந்த வழியில் வந்தது. இங்கே அழைப்பிதழில் ஸ்மோக்கிங் என்று போட்டிருந்தால் அது. ஃபிராக் என்று போட்ட இடத்துக்கு அதை அணிந்து போவது குறைவாகவே கருதப்படும்.

வேட்டி கட்டிப் போனால் ஏற்பார்களா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். நோபல் விழாவின் விதியே வால்கோட்டு அல்லது தேசிய உடை என்பதுதான். 1968-இல் ஜப்பானின் யசுனாரி கவாபாட்டா தம் நாட்டு உடையில் வந்து பரிசு பெற்றார். 1982-இல் கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ் லிக்கி லிக்கி என்னும் மரபான வெள்ளை உடையில் வந்தார். 2019-இல் அபிஜித் பானர்ஜி வேட்டியும் கறுப்புக் கழுத்துமூடிக் கோட்டும் அணிந்திருந்தார், எஸ்தர் டஃப்லோ சேலை கட்டியிருந்தார். நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இல் வால்கோட்டில் பரிசு வாங்கினார். இரண்டுக்குமே இங்கே ஒரே மரியாதைதான். ஆகவே தம்பி பட்டுவேட்டியை விரும்பினால், லுண்ட் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுக்கொண்டு தாராளமாக அணியலாம். என் எண்ணத்தைக் கேட்டால், அவன் வால்கோட்டையே ஆசைப்பட்டிருப்பதால் அதையே தைத்துக் கொடுங்கள். ஆனால் வேட்டியின் மேல் வால்கோட்டைப் போடும் கலப்பு மட்டும் வேண்டாம். முன்பே சொன்ன அந்த இடுப்புக் கோடு இல்லாமல் இந்தக் கோட்டுக்கு உயிரில்லை.

எங்கள் கடைக்கு வாடகைக்கு வருகிறவர்களைவிடப் பழைய கோட்டைத் திருத்திக்கொள்ள வருகிறவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். பாட்டனார் தைத்துப் போட்ட கோட்டைப் பேரன் கொண்டுவருகிறான். லைனிங்கைப் பிரித்தால் உள்ளே மார்புக்கு விறைப்பு தரக் கையால் தைத்த கேன்வாஸ் துணியும், முதுகுத் தையலில் தாராளமாக விட்டுவைத்த துணியும் இருக்கும். இந்த உடையின் வடிவம் தலைமுறைதோறும் மாறாததால், பிறகு வரப்போகும் உடம்புக்கும் சேர்த்தே அந்தத் தையற்காரர் துணி விட்டிருக்கிறார். நீங்களும் முதுகிலும் பக்கங்களிலும் கால்சட்டையின் பின்தையலிலும் வழக்கத்தைவிடக் கூடுதலாக விடுங்கள்.

தம்பி விழா நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதே அளவெடுத்துவிடுங்கள். உயர்ந்த இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டி, அதை அடையாளமாக வைத்து, பின்கழுத்து எலும்பிலிருந்து அந்த நாடாவரை, நாடாவிலிருந்து முழங்கால் பின்மடிப்புவரை, முன்பக்கம் தோளிலிருந்து நாடாவரை என்று மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் இடுப்புச் சுற்றளவு எடுங்கள். தோள்களில் ஒன்று தாழ்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள். முதலாளியம்மாவின் அனுமதியோடு காகிதத்தில் ஒரு பேட்டர்ன் வெட்டி, மார்செல்லா துணியும் பட்டு நாடாவும் சேர்த்து இந்த வாரமே தபாலில் சேர்த்துவிடுகிறேன். முதலில் காடாத் துணியில் ஒன்று வெட்டிப் போட்டுப் பார்த்து, முன், பின், பக்கம் மூன்றையும் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். லேப்பலில் பட்டுத் துணியை ஏற்றும் முன் அவசியம் என்னோடு ஒரு முறை பேசுங்கள்.

அம்மாவின் முழங்கால் வலிக்கு மருந்து வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன். தங்கைக்கு என் அன்பு.

தங்கள் அன்பு மகன்