செயலாளரின் ஆண்டறிக்கை: வாய்க்காலுக்கு வாய்க்காலே ஈடு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் நிருவாக சபையினருக்கும் வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாரிக்கு முந்திய சிரமதானமும் மதகுகளில் அடைந்த குப்பை அகற்றலும் வழமைபோல நடந்தன. கணக்கு விபரங்களைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். ஆண்டின் பெரும்பகுதி ஒரே விடயத்தில் கழிந்தது. வழுக்கையாற்றில் போய் விழும் எங்கள் வெள்ள வாய்க்காலில் ஒரு துண்டு, வீதி அகலிப்புக்கும் அதையொட்டிய காணி நிரப்பலுக்கும் பறிபோனது. அதற்கு என்ன ஈடு என்று சங்கம் கேட்டது.

வாய்க்கால் கொங்கிறீற் பெட்டிக்குள் அடைக்கப்பட்டது. கரையில் நின்ற மருதும் தாழையும் வேரோடு பிடுங்கப்பட்டன. பின்னால் இருந்த பள்ள வயலில் கிரவல் கொட்டி வீட்டுக்காணிகளாகப் பிரித்தார்கள். நாங்கள் முறையிட்டதும், பாடசாலை வளவில் மரக்கன்று நட்டுத் தருவதாகவும் சங்கத்துக்கு நன்கொடை தருவதாகவும் ஒப்பந்தகாரர் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. நிருவாக சபை இரண்டையும் ஏற்கவில்லை. அங்கத்தவர்கள் சிலர் அது வீண்பிடிவாதம் என்று வருத்தப்பட்டதால் காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடி, கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பக்கமாக வந்து அராலியில் கடனீரேரியோடு சேர்கிறது. நாங்கள் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லின் இடுக்குகளில், உவர்நீருக்கு மேல் மிதந்து நிற்கும் நன்னீரைத்தான். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழைதான் அதை நிரப்புகிறது. மண் வாய்க்காலில் வெள்ளம் புல்லிலும் வேரிலும் தட்டுப்பட்டு ஆறுதலாக நகரும். நகர நகர நிலத்துக்குள் இறங்கும். கொங்கிறீற்றில் அதே வெள்ளம் ஒரு சொட்டும் ஊறாமல் கீழூருக்குப் பாய்ந்து கடலுக்குப் போகிறது. 2008இல் நிஷா புயலின்போதும் 2024 கார்த்திகைக் கடைசியிலும் தண்ணீருக்குள் நின்றவர்களுக்கு அது விரைந்து வந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. தோட்டங்களில் போடும் யூரியா மழையோடு கழுவுண்டு வரும்போது, கரைப் புல்லும் மரவேரும் அதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கின்றன. மிஞ்சுவது மண்ணில் நைத்திரேற்றாக மாறிக் கிணற்று நீரில் கலக்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டில் அதைத் தாண்டிய கிணறுகள் பல. கரையை அழிப்பவர் அந்தக் கிணறுகளில் கை வைக்கிறார். பாடசாலை வளவில் நிற்கும் வேப்பமரம் நிழல் தரும். வாய்க்கால் செய்த வேலையை அது செய்யாது.

சட்டம் எங்களுக்கு எவ்வளவு துணை என்று பார்த்தோம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது. அதன்படி கமநல சேவைகள் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்துள்ளோம். ஆனால் சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 1993ஆம் ஆண்டு வர்த்தமானி, ஈரநிலம் நிரப்புவதில் 4 ஹெக்டேயருக்கு மேற்பட்டதையே கவனத்தில் எடுக்கிறது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற எங்கள் கணக்கில் அது ஏறத்தாழ 158 பரப்பு. ஆற்றங்கரை என்று வரும்போது 25 மீற்றருக்கு மேல் அகலமான ஆறுகளையே சொல்கிறது. எங்கள் வாய்க்கால்களில் எது அந்த அகலம்? இங்கே யாரும் 158 பரப்பை ஒரேயடியாக நிரப்புவதில்லை. இரண்டு பரப்பு, நாலு பரப்பு என்று விழுங்குகிறார்கள். கடைசியில் வாய்க்கால் வரைபடத்தில் மட்டும் மிஞ்சுகிறது. இந்த ஓட்டை அடைபட வேண்டும் என்பது சங்கத்தின் உறுதியான நிலைப்பாடு.

வெளியே எப்படிச் செய்கிறார்கள் என்றும் படித்தோம். அமெரிக்காவின் வட கரோலினாவில் நியூஸ் என்ற ஆற்றில் 1995இல் மீன்கள் பெருந்தொகையாகச் செத்து மிதந்தன. நைதரசன் மிகுந்ததே முக்கிய காரணமாகக் கருதப்பட்டது. 1997இல் அந்த ஆற்றுப் படுகையின் நீரோடைகளுக்கு இரு கரையிலும் 50 அடி காப்பு நிலம் என்று விதி வந்தது. தண்ணீரை ஒட்டிய 30 அடிக்குள் அனுமதியோடு அழித்தாலும் மூன்று மடங்கு ஈடு. அடுத்த 20 அடியில் ஒன்றரை மடங்கு. ஈரநிலத்துக்கும் நீரோடைக்கும் ஈடு செய்வது பற்றிய அந்த நாட்டின் 2008ஆம் ஆண்டு விதியோ, முதலில் சேதத்தைத் தவிர், முடியாவிட்டால் குறை, அதன் பிறகே ஈடு என்ற ஒழுங்கை வலியுறுத்துகிறது. ஈடாகச் செய்ததைக் குறைந்தது ஐந்து ஆண்டு கண்காணிக்கவும் வேண்டும். எல்லாம் அங்கே சரியாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் கோரிக்கைக்கு அளவுகோல் அங்கேதான் கிடைத்தது.

பணத்தை ஏன் மறுத்தீர்கள் என்றும் கேட்டார்கள். சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. கிணறு கெட்டுப் பாதிக்கப்பட்ட மக்களுக்கு அது நியாயம். வாய்க்கால் பணம் வாங்காது. அதன் பெயரால் சங்கம் வாங்கினால், அடுத்த துண்டுக்கும் விலை பேச வருவார்கள்.

பல கூட்டங்களுக்குப் பிறகு எழுத்தில் கிடைத்தது இது. அதே வாய்க்காலின் மேற்பகுதியில் தூர்ந்து கிடக்கும் துண்டை அவர்கள் செலவில் மண்கரையோடு மீண்டும் வெட்டுவார்கள். இரு கரையிலும் மருது, புங்கு, தாழை நட்டு, சரிவில் வெட்டிவேர் வைப்பார்கள். நீளம் இழந்ததற்குச் சமம் மட்டுமே. நாங்கள் கேட்ட இரண்டு மடங்கு கிடைக்கவில்லை. பராமரிப்புக்கு ஓராண்டு மட்டும் பொறுப்பேற்றுள்ளார்கள். இங்கே பங்குனி வெயிலையும் கட்டாக்காலி மாடுகளையும் தாண்டிக் கன்று நிமிர ஓராண்டு போதாது. ஐந்தாண்டு என்ற கோரிக்கையை நாங்கள் கைவிடவில்லை. நிரப்பிய வயல் பற்றிய முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருக்கிறது.

கரையோரக் காணிக்காரர் சிலர் தங்கள் வேலியைப் பின்னுக்கு எடுத்து நடுகைக்கு இடம் விட்டிருக்கிறார்கள். கட்டாயப்படுத்த யாரும் இல்லாத நிலையில் அவர்கள் அதைச் செய்தார்கள். சங்கத்தின் மனமார்ந்த நன்றியை இங்கே பதிவு செய்கிறேன்.

வரும் ஆண்டுக்கு நிருவாக சபை இரண்டு பிரேரணைகளை முன்வைக்கிறது. ஒன்று, எஞ்சியுள்ள வாய்க்கால்கள் எல்லாவற்றையும் கிராம உத்தியோகத்தரின் உதவியோடு அளந்து, கரை எல்லைக்குக் கல் நாட்டுதல். மற்றது, சிறு நிரப்பல்களையும் கூட்டிக் கணக்கிட்டு ஈடு கேட்கும்படி பிரதேச சபையைக் கோருதல். இரண்டையும் இவ்வறிக்கையோடு சேர்த்துச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்