டாம்பாவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ கேட்டதற்கு உருப்படியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா பின்னால் நின்றுகொண்டு தண்ணீர் லாரிக்காரனிடம் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "எங்க அம்மா மெட்டல் கேட்பாங்க" என்று வகுப்பில் சொன்னாயாம், ஒருத்தரும் நம்பவில்லையாம். அதோடு, அந்த ஹெவி மெட்டல் ராக் இசையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யார் பெரிய ஆட்கள் என்று வரிசைப்படுத்திச் சொல்லச் சொல்கிறாய். வரிசையெல்லாம் எனக்கு வராது. ஆனால் நீ ஒலிப்பதிவும், பதிந்த ஒலிகளை அளவாகக் கலக்கிற மிக்ஸிங்கும் படிக்கப் போயிருக்கிறாய், அதுவும் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் டாம்பாவுக்கே போயிருக்கிறாய். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் இதையெல்லாம் கேட்டது உன் பெரிய மாமா புண்ணியத்தில். அவர் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் சிங்கப்பூரிலிருந்து கேசட் வாங்கிவருவார். நான் அதை வெற்று கேசட்டில் பதிந்துகொண்டு, வாக்மேனை ஹாஸ்டல் தலையணைக்கு அடியில் வைத்துக் கேட்பேன். அட்டையில் இருக்கும் பொடி எழுத்துகளை வரிவிடாமல் படிக்கிற பழக்கம் அப்போது வந்தது. யார் கிட்டார், யார் டிரம்ஸ் என்பதோடு எங்கே பதிவு செய்தார்கள், யார் பதிவு செய்தார்கள் என்பதும் அதில் இருக்கும். நான் உனக்குச் சொல்லப்போவது முக்கியமாக அந்தப் பொடி எழுத்துக் கதைதான்.

பெரிய ஆள் என்றால் அதிகம் விற்றவரா, இல்லை மற்றவர்கள் வாசிக்கிற விதத்தையே மாற்றியவரா? விற்பனை என்றால் பேச்சே இல்லை, மெட்டாலிகா குழுதான். 1991 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அந்தக் கறுப்பு அட்டை ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே கிட்டத்தட்ட 6 லட்சம் பிரதிகள் போயின. அடுத்த மாதம் 28-ஆம் தேதி மாஸ்கோவில் துஷினோ விமானத் தளத்தில் ஏசி/டிசி, பன்டேரா குழுக்களோடு சேர்ந்து இலவசக் கச்சேரி. சோவியத்தில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வீடியோவில் தலைகளுக்கு நடுவே ராணுவ உடுப்புகளும் தெரியும், பார்.

உன் படிப்புக்கு வேண்டியது வேறு. அதே மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தைப் போட்டுப் பார். கீழ் ஸ்தாயியில் வாசிக்கிற பேஸ் கிட்டார் எங்கே என்று தேட வேண்டும். அவர்களின் பேஸ்காரர் கிளிஃப் பர்டன் 1986-இல் ஸ்வீடனில் பஸ் விபத்தில் இறந்த பிறகு வந்தவர் ஜேசன் நியூஸ்டட். அவர் வாசித்ததை மிக்ஸில் இருக்கும் இடம் தெரியாமல் அமுக்கிவிட்டார்கள். அப்புறம் பாப் ராக் என்ற தயாரிப்பாளர் வந்தார். ஆளாளுக்குத் தனித்தனியாக வாசித்து ஒட்டுகிற வேலையைக் குறைத்து, நாலு பேரையும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க வைத்தார். பாட்டு குட்டையானது, வேகம் குறைந்தது, டிரம்ஸ் மலை மாதிரி எழுந்து நின்றது, பேஸ் திரும்பி வந்தது. 1990 அக்டோபரில் தொடங்கி அடுத்த ஜூன் வரை இழுத்தது அந்த வேலை. எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கும். ஆனால் கேரேஜில் கிட்டார் பிடித்த ஒரு பையன் அதைக் கேட்டுவிட்டு, நாமும் இப்படிச் செய்யலாம் என்று கிளம்ப முடியாது. அவ்வளவு பணமும் அவ்வளவு மாதங்களும் யாரிடம் இருக்கும்?

மெட்டாலிகாவோடு சேர்த்து ‘பெரிய நால்வர்’ என்று சொல்லப்படுகிற மற்ற மூன்று குழுக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990 இலையுதிர் காலத்தில் மெகாடெத்தின் ‘ரஸ்ட் இன் பீஸ்’, ஸ்லேயரின் ‘சீசன்ஸ் இன் தி அபிஸ்’ இரண்டும் சில வார இடைவெளியில் வந்தன. அடுத்த வருஷம் ஆந்த்ராக்ஸ் பப்ளிக் எனிமியோடு சேர்ந்து ராப்பையும் மெட்டலையும் கலந்தது. 1991-இல் இந்த மூன்று குழுவும் ஒன்றாக அமெரிக்காவைச் சுற்றியபோது முதலில் மேடையேறியது சியாட்டிலின் ஆலிஸ் இன் செயின்ஸ். கூட்டம் கூச்சல் போட்டு அவர்களை விரட்டப் பார்த்தது. அடுத்த இரண்டே வருஷத்தில் அவர்கள் எவ்வளவு உயரத்துக்குப் போய்விட்டார்கள் என்று உனக்கே தெரியும்.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். நீ கடற்கரைப் படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறாய். அந்த ஊரில்தான் உறுமிப் பாடுகிற டெத் மெட்டல் வகைக்கு உருவம் கிடைத்தது என்று உன் வகுப்பில் ஒருவர்கூடச் சொல்லவில்லையா? டாம் மாரிஸ், ஜிம் மாரிஸ் என்ற சகோதரர்கள் 1981-இல் அங்கே மாரிசவுண்ட் என்று ஒரு ஸ்டுடியோ ஆரம்பித்தார்கள். அங்கே ஸ்காட் பர்ன்ஸ் என்றொரு என்ஜினியர். ஒபிட்யுவரி, டீசைட், மார்பிட் ஏஞ்சல், டெத் என்று ஃப்ளோரிடாக் குழுக்கள் எல்லாம் அங்கேதான் பதிந்தன. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவிலிருந்து கேனிபல் கார்ப்ஸ் அங்கே வந்தார்கள். இங்கிலாந்திலிருந்து நாபாம் டெத் வந்து 1990-இல் ஓர் ஆல்பம் பதிந்துவிட்டுப் போனார்கள். பிரேசிலிலிருந்துகூட ஒரு குழு வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் எல்லோரும் அங்கே ஓடினார்கள்? அந்த இசையின் சிக்கல் என்னவென்று யோசித்துப் பார். கிட்டாரை வழக்கத்தைவிடத் தாழ்வாக ட்யூன் செய்திருப்பார்கள். கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷன் நிரம்பி வழியும். டிரம்மர் இரண்டு காலாலும் கிக் டிரம்மை உதைத்துக்கொண்டே இருப்பார். பாடுகிறவரோ அடித்தொண்டையில் உறுமுகிறார். எல்லாமே கீழ் ஸ்தாயியில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். சாதாரணமாகப் பதிந்தால் வெறும் சகதிதான் மிஞ்சும். மாரிசவுண்ட் ஆட்கள் கிக் டிரம்மின் அடிவயிற்றுச் சத்தத்தைக் குறைத்து, தோலில் கட்டை படுகிற அந்த ‘டிக்’கை மேலே கொண்டுவந்தார்கள். கிட்டாரில் நடு அலைவரிசையைக் கொஞ்சம் குடைந்து எடுத்தார்கள். அப்படித்தான் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முப்பது பேர் ஒரே சமயத்தில் ஹையர் பரீட்சைக்குத் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று உன் மாமா கிண்டல் செய்வார். எனக்கு அந்தச் சத்தம்தான் பிடித்தது. இன்றைக்கு வருகிற பல மெட்டல் ஆல்பங்களை எடுத்துக் கேள், கிக் டிரம் அந்த வழியில்தான் வருகிறது.

அங்கே பதிந்ததில் ஒன்றே ஒன்றைக் கேட்பதாக இருந்தால் டெத் குழுவின் ‘ஹ்யூமன்’ கேள். 1991. சக் ஷுல்டினர் ஆர்லாண்டோ பக்கத்துப் பையன். பிணம், ரத்தம் என்று எழுதத் தொடங்கியவர், இதற்குள் மனுஷனைப் பற்றி எழுத வந்துவிட்டார். டிரம்ஸில் ஷான் ரைனர்ட், இன்னொரு கிட்டாரில் பால் மாஸ்விடால். இருவரும் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர்கள், அது வாசிப்பில் தெரியும். உறுமல் இசையிலும் இவ்வளவு நுணுக்கம் சாத்தியம் என்று காட்டிய ஆல்பம் இது. மூளையில் கட்டி வந்து 2001 டிசம்பரில் சக் இறந்தபோது வயது 34. அவ்வளவு பேரை வளர்த்த ஸ்காட் பர்ன்ஸ் அதற்குள்ளாகவே ஸ்டுடியோவை விட்டுவிட்டு கம்ப்யூட்டர் புரோகிராமிங்குக்குப் போய்விட்டார். நம் வீட்டில் அதற்கு நேர்மாறாக, இருந்த சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு நீ ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறாய். அப்பாவிடம் பர்ன்ஸ் கதையைச் சொல்லாதே.

அதே சமயத்தில் ஸ்டாக்ஹோமில் டாமஸ் ஸ்கோக்ஸ்பர்க் என்பவர் தன் சன்லைட் ஸ்டுடியோவில் இதற்கு எதிர்ப்பக்கமாகப் போனார். தெளிவெல்லாம் வேண்டாம், கிட்டார் ரம்பம் அறுக்கிற மாதிரி கேட்கட்டும் என்று விட்டார். என்டூம்ட் குழுப் பையன்கள் பாஸ் கம்பெனியின் எச்எம்-2 என்ற, கிட்டார் சத்தத்தை மாற்றுகிற காலடிப் பெடலில் இருக்கிற நாலு குமிழையும் கடைசி வரை திருகிவிட்டு வாசித்தார்கள். 1990-இல் வந்த ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’தின் ரகசியம் அவ்வளவுதான். விற்காத பெடல் என்று 1991-இல் கம்பெனி அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பழைய பெடலுக்கு அப்புறம் அடிதடி. முப்பது வருஷம் கழித்து அவர்களே மறுபடி தயாரிக்க வேண்டியதாயிற்று. செல்வாக்கு என்றால் இதைத்தான் சொல்வேன்.

டெக்ஸாஸ் பன்டேராவை விட முடியாது. டேரல், வின்னி என்று அண்ணன் தம்பி. அப்பா ஜெர்ரி அபட்டுக்குச் சொந்தமாக ஸ்டுடியோ இருந்தது, அவர் நாட்டுப்புறக் கன்ட்ரி பாட்டுக்காரர். எண்பதுகளில் பளபளா உடுப்பும் சீவி நிறுத்திய முடியுமாக நாலு ஆல்பம் போட்டவர்கள், 1990-இல் ஆளே மாறி வந்தார்கள். 1992-இன் ‘வல்கர் டிஸ்ப்ளே ஆஃப் பவர்’ கேள். கிட்டாரும் கிக் டிரம்மும் ஒரே ஆள் வாசிப்பதுபோல் சேர்ந்து விழும், சேர்ந்து நிற்கும். அந்த நிற்கிற இடத்து மௌனத்துக்காகவே எனக்குப் பிடிக்கும். நிர்வானா குழு வந்து மெட்டலைக் கொன்றுவிட்டது என்று யாராவது வகுப்பில் சொன்னால், பன்டேராவின் 1994 ஆல்பம் வெளிவந்ததும் அமெரிக்கப் பட்டியலில் நேராக முதலிடத்தில் ஏறியதே, அது எப்படி என்று கேள். செத்தது சீவிய முடிக் கூட்டம்தான். டேரலை 2004 டிசம்பரில் ஒஹாயோவில் மேடையிலேயே ஒருவன் சுட்டுக் கொன்றுவிட்டான். அதைப் பற்றி எழுத மனசு வரவில்லை.

சரி, பிரேசில் என்றேனே. செபுல்துரா. பெலோ ஹொரிசோன்ச் என்ற ஊரில் மேக்ஸ், இகோர் கவலேரா சகோதரர்கள் 1984-இல் தொடங்கியது. ராணுவ ஆட்சி முடியப்போகிற நேரம். ‘அரைஸ்’ ஆல்பத்தை 1990-இல் உன் டாம்பாவுக்கு வந்து ஸ்காட் பர்ன்ஸிடம்தான் பதிந்தார்கள். நல்ல ஆல்பம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அமெரிக்கக் குழு என்றுதான் நினைப்பாய். 1993-இன் ‘கேயாஸ் ஏ.டி.’யில் அது போய்விட்டது. வேகத்தைக் குறைத்தார்கள். இகோரின் டிரம்ஸில் பிரேசில் தெருக்களின் தாளம் நுழைந்தது. சாவோ பாவ்லோவின் கரன்டிரு சிறையில் 1992 அக்டோபரில் போலீஸ் 111 கைதிகளைக் கொன்றதைப் பற்றி ஒரு பாட்டு. நிலம் பறிபோகிற கயோவா பழங்குடிகளுக்காக வார்த்தையே இல்லாமல் இன்னொன்று, அதை வேல்ஸில் ஓர் இடிந்த கோட்டைக்குள் உட்கார்ந்து பதிந்தார்கள். ஆல்பத்தின் முதல் சத்தம் என்ன தெரியுமா? மேக்ஸின் மனைவி வயிற்றில் இருந்த குழந்தையின் இதயத்துடிப்பு. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஸ்கேன் அறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு இந்த ஆல்பம்தான் ஞாபகம் வந்தது. டாக்டரம்மாவிடம் சொல்லவா முடியும்?

என் கணக்கில் தொண்ணூறுகளின் தொடக்க வருஷங்களின் முக்கியமான ஆல்பம் ‘கேயாஸ் ஏ.டி.’தான். அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் பார்த்து வாசிக்கிற இசையாக இருந்ததை, அவரவர் ஊர்த் தாளத்தோடு வாசிக்கலாம் என்று ஆக்கிக்கொடுத்தது. பிறகு வந்த எத்தனையோ நாட்டுக் குழுக்கள் அந்த வழியாகத்தான் போயின.

நார்வேயின் மெட்டல் குழுக்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். டார்க்த்ரோன் 1992-இல் வேண்டுமென்றே மலிவான, சில்லிட்ட ஒலியில் பதிந்தார்கள், அது பெரிய பள்ளிக்கூடமாகவே ஆகிவிட்டது. மற்றபடி அதே வருஷம் பெர்கன் அருகே ஃபன்டாஃப்ட் மரத் தேவாலயம் கொளுத்தப்பட்டது, அடுத்த வருஷம் மேஹெம் குழுவின் கிட்டார்காரரை இன்னொரு இசைக்காரர் குத்திக் கொன்றார். இதைச் சாகசக் கதைபோல் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. அதற்காக இசையின்மேல் பழி போடுகிறவர்களிடமும் இல்லை. 1990-இல் நெவாடாவில் இரண்டு பையன்களின் குடும்பங்கள், பாட்டுக்குள் ஒளித்துவைத்த வார்த்தைதான் எங்கள் பிள்ளைகளைச் சாகத் தூண்டியது என்று ஜூடாஸ் பிரீஸ்ட் குழுமேல் போட்டிருந்த வழக்கு விசாரணைக்கு வந்தது. ஆகஸ்டில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். அந்தத் தாய்மார்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஆனாலும் தீர்ப்பு சரிதான்.

இதை மாமாவுக்கு அனுப்பிவிடாதே. மெகாடெத்தை ஒரு வரியில் முடித்துவிட்டேன் என்று ராத்திரி பதினொரு மணிக்குச் சண்டைக்கு வருவார்.

‘ஹ்யூமன்’, ‘கேயாஸ் ஏ.டி.’ இரண்டையும் நல்ல ஹெட்போனில் கேட்டுவிட்டுச் சொல். அப்புறம், நீ பயிற்சிக்காக மிக்ஸ் செய்து அனுப்பிய பாட்டைக் கேட்டேன். டிரம்ஸ் நன்றாக வந்திருக்கிறது. பேஸ்தான் கேட்கவே இல்லை. அந்தப் பையன் பாவம், கொஞ்சம் ஏற்றிவிட்டு மறுபடி அனுப்பு.

அன்புடன்,
அம்மா