அலுவலக வரலாற்றை எழுதப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நம் கட்டடக்கலை அலுவலகத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடப்போகிறீர்கள் என்று உங்கள் அப்பா போனில் சொன்னார். தாத்தா தொடங்கினார், அப்பா வளர்த்தார், இப்போது நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள். மூன்று தலைமுறை, மூன்று அத்தியாயம் என்று யோசித்து வைத்திருக்கிறீர்களாம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. உங்கள் தாத்தா காலத்திலிருந்தே அங்கே வரைபலகை முன்னால் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். அந்த மூன்று அத்தியாயப் பிரிப்பை விட்டுவிடுங்கள். பெயர் பெற்ற குடும்ப அலுவலகங்களைப் பற்றி நான் படித்தவரையில், எங்குமே தொழில் அப்பா, மகன், பேரன் என்று நேர்கோட்டில் இறங்கி வரவில்லை. குடும்பத்தைச் சேராத யாரோ ஒருவர் நடுவில் நின்று தாங்கியிருக்கிறார். அவரை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைதான் வரும்.

இங்கிலாந்தின் கட்டடக் கலைஞர் குடும்பமான ஸ்காட் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் (1811–1878). லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் முன்னால் கோட்டை மாதிரி நிற்கிறதே மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டல், அது அவருடையது. ஆல்பர்ட் நினைவுச் சின்னமும் அவருடையதுதான். புதிதாகக் கட்டியது, பழுதுபார்த்தது என்று எண்ணினால் நூற்றுக்கணக்கில் போகும். அத்தனையையும் ஒரு மனிதர் தன் கையால் வரைந்திருக்க முடியாது. அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஏதோ ஒரு வெளியூர் ரயில் நிலையத்தில் இறங்கியவர், 'நான் இங்கே எதற்காக வந்திருக்கிறேன்?' என்று தன் அலுவலகத்துக்கே தந்தி அடித்தாராம். நடந்ததோ இல்லையோ, எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்ற ஞாபகம் முழுக்க மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்களிடம் இருந்தது என்பதை அது சொல்கிறது. நம்மிடத்திலும் அப்படித்தானே?

அந்த மேசைகளிலிருந்து எழுந்து போனவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. போட்லி அவரிடம் தொழில் கற்றவர். ஜி. இ. ஸ்ட்ரீட் அவரிடம் உதவியாளராக இருந்துவிட்டுத் தனி அலுவலகம் போட்டவர். அந்த ஸ்ட்ரீட்டின் அலுவலகத்தில்தான் 1856-இல் கட்டடக் கலைஞர் பிலிப் வெப்பும், கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸும் சந்தித்துக்கொண்டார்கள். அப்புறம் 1877-இல் டியூக்ஸ்பரி தேவாலயத்தை ஸ்காட் புதுப்பிக்கப் போகிறார் என்று தெரிந்ததும், 'பழையதைச் சுரண்டிப் புதுசாக்குவது அழிவு வேலை' என்கிற நிலையை எடுத்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கத்தையே தொடங்கியவர் இதே மாரிஸ். ஸ்காட்டிடம் தொழில் பழகியவரின் அலுவலகத்திலிருந்து ஸ்காட்டுக்கு எதிராகவே ஒரு குரல் வந்தது. அந்தக் குரலும் அந்த அலுவலகத்தின் வரலாற்றில் சேர்ந்ததுதான். நம் அலுவலகத்திலும் சண்டை போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பெரிய ஆளானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் வந்தால் அப்பா கொஞ்சம் முகம் சுளிப்பார். பரவாயில்லை, எழுதுங்கள்.

இரண்டாம் தலைமுறைதான் எனக்கு மிகவும் நெருக்கம். மகனுக்கும் அப்பாவின் பெயரேதான், ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் (1839–1897). அப்பாவைவிட நுட்பமான கை இவருடையது என்பது என் எண்ணம். ஆனால் 1880-களில் மனநலம் குலைந்தது. புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று 1884-இல் முறைப்படி தீர்மானிக்கப்பட்டார். கடைசியில் அப்பா கட்டிய அந்த மிட்லண்ட் ஹோட்டலிலேயே இறந்துபோனார். நார்விச்சில் அவர் வடிவமைத்த பெரிய தேவாலயம் 1882-இல் ஆரம்பித்து 1910-இல்தான் முடிந்தது. முடித்துக் கொடுத்தவர் தம்பி ஜான் ஓல்ட்ரிட்.

இப்போது மூன்றாம் தலைமுறை. பேரன் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டுக்கு (1880–1960) அப்பாவோடு பழக வாய்ப்பே இருக்கவில்லை. அப்பாவிடம் ஒரு கோடு போடக் கற்றவரில்லை. பிள்ளைகளைச் சைக்கிளில் ஊர் ஊராகக் கூட்டிப்போய்ப் பழைய தேவாலயங்களைக் காட்டியவர் அம்மா. 1899-இல் கைல்ஸ் தொழில் கற்கப் போய்ச் சேர்ந்த இடம் டெம்பிள் மூர் என்பவரின் அலுவலகம். யார் இந்த மூர்? கைல்ஸின் அப்பாவிடம் கற்றவர். குருவின் உடல்நிலை மோசமானபோது அவருடைய வேலைகளை முடித்துக்கொடுக்கத் தோள் கொடுத்தவர். அப்பாவின் கைப்பழக்கம் ஒரு சீடரின் கை வழியாகப் போய் மகனிடம் சேர்ந்தது. தாத்தாவின் வேலையைவிட அப்பாவின் வேலையைத்தான் கைல்ஸ் கடைசிவரை உயர்வாக நினைத்தார். அந்த ரசனையும் பெரும்பாலும் மூரின் மேசையருகில் வந்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன். டெம்பிள் மூரைக் கழித்துவிட்டால் ஸ்காட் குடும்பத்தில் மூன்றாவது அத்தியாயமே கிடையாது, தம்பி.

1903-இல் லிவர்பூல் பேராலயப் போட்டியில் கைல்ஸ் ஜெயித்தார். அப்போது வயது 22. நடுவர்களில் ஒருவர் போட்லி, தாத்தாவிடம் கற்ற அதே போட்லி. குடும்பப் பெயர் கதவைத் திறக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பெயர் கழுத்தையும் பிடிக்கும். இவ்வளவு சின்னப் பையனை நம்பி எப்படிக் கொடுப்பது என்று தயங்கிய குழு, போட்லியையே கூட்டுக் கட்டடக் கலைஞராக மேலே உட்கார வைத்தது. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கைல்ஸ் விலகிவிடத் தயாராக இருந்த சமயத்தில், 1907-இல், போட்லி இறந்துவிட்டார். அதன் பிறகுதான் கைல்ஸ் தன் சொந்தப் பரிசு வடிவத்தையே ஒதுக்கினார். இரட்டைக் கோபுரத்தை எடுத்துவிட்டு நடுவில் ஒற்றைக் கோபுரம் என்று மாற்றி வரைந்தார். இன்று நிற்பது அதுதான். பெரியவர் மேலே இருந்தவரை அந்தத் துணிச்சல் வெளியே வரவில்லை. இதை உங்கள் அப்பாவும் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பேராலயம் முடிந்தது 1978-இல். கைல்ஸ் போய்ப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. மேற்கு முகப்புக்குப் பணம் போதாமல், வடிவத்தைச் சுருக்கி மறுபடி வரைந்தவர் ஃபிரெடெரிக் தாமஸ். கைல்ஸோடு பல வருடம் வேலை செய்தவர். மேற்கு வாசல் வழியே உள்ளே நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது அவர் வேலையைத்தான்.

சரி, நம்மிடம் வருவோம். பின்னறையில் சுருட்டிவைத்திருக்கும் பழைய ட்ராயிங் ரோல்களில் ஒன்றை விரித்து, வலது கீழ் மூலையைப் பாருங்கள். டைட்டில் பிளாக். மேலே பெரிய எழுத்தில் உங்கள் குடும்பப் பெயர் இருக்கும். கீழே மூன்று சின்னக் கட்டங்கள்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். மூன்றாவது கட்டத்தில் எப்போதும் தாத்தாவின் கையெழுத்து, பிற்பாடு அப்பாவுடையது. முதல் இரண்டில் இரண்டெழுத்து இனிஷியல் மட்டும்தான். அதற்கு மேலே திருத்தப் பட்டியல்: ஏ, பி, சி என்று போகும், பக்கத்திலேயே தேதியும் காரணமும். 'படிக்கட்டு அகலம் கூட்டப்பட்டது', 'சைட் அளவுப்படி தூண் நகர்த்தப்பட்டது'. அந்தத் தூணை நகர்த்தச் சொன்னவர் யார் என்று எந்தப் பாராட்டுவிழாவிலும் பேசவில்லை. டிரேசிங் தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், பிளேடால் மையைச் சுரண்டி எடுத்த இடம் தேய்ந்து மெலிசாகத் தெரியும். அதன் மேலே ரோட்ரிங் என்ற வரைபட மைப்பேனாவால் புதுக்கோடு போட்டிருக்கும். சுரண்டிய தாளில் மை கசியாமல் கோடு இழுக்க நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும். அது எங்கள் கைவேலை. உங்கள் அலுவலகத்தின் உண்மையான வரலாறு அந்தக் கட்டங்களில்தான் எழுதியிருக்கிறது.

டைட்டில் பிளாக்கில் கட்டமே இல்லாத ஒருவர் உண்டு, உங்கள் பாட்டி. கடிதங்கள், கணக்கு, பாக்கி வசூல், கோபித்துக்கொண்டு போன கிளையன்டைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவர்தான். உலகப் புகழ் பெற்ற இடங்களிலேயே இது நடந்திருக்கிறது. ராபர்ட் வென்ச்சூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் கணவன் மனைவியாகச் சேர்ந்து நடத்திய அலுவலகத்தில், கட்டடக்கலைக்கான 1991 பிரிட்ஸ்கர் பரிசு கணவருக்கு மட்டும் போனது. 2013-இல் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டுக் கேட்டும் அந்த முடிவை மாற்றவில்லை. ஜெர்மனியில் தேவாலயங்களுக்குப் பேர்போன போம் குடும்பத்தில், 1986-இல் அதே பரிசைப் பெற்ற காட்ஃபிரீட் போமின் மனைவி எலிசபெத்தும் படித்த கட்டடக் கலைஞர். நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே கணவரின் வேலைகளிலும் கை கொடுத்தார். உலகம் அவரை அதிகம் கேள்விப்படவில்லை. பாட்டிக்கு நன்றியுரையில் ஒரு வரி போட்டு முடித்துவிடாதீர்கள். தனி அத்தியாயமே கொடுங்கள்.

அப்பாவும் மகனும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதைப் பற்றி எழுதும்போது சாரினென் குடும்பத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். செயின்ட் லூயிஸ் நினைவுச் சின்னப் போட்டிக்கு அப்பா எலியல் ஒரு வடிவம், மகன் ஈரோ ஒரு வடிவம் என்று தனித்தனியாக அனுப்பினார்கள். இறுதிச் சுற்றுக்குத் தேர்வான செய்தி 1947-இல் தந்தியாக வந்தபோது பெயர் மாறி அப்பாவுக்கு வந்துவிட்டது. வீடே கொண்டாடியது. பிறகுதான் தேர்வானது மகனுடையது என்று தெரிந்தது. அப்பா மறுபடியும் கொண்டாடினார் என்று சொல்வார்கள். கடைசியில் ஜெயித்ததும் மகன் வரைந்த வளைவுதான். அது எழுந்து முடிந்தது 1965-இல். ஈரோ 1961-லேயே, 51 வயதில் இறந்துவிட்டார். பாதியில் நின்ற வேலைகளை முடித்தவர்கள் ரத்த சொந்தம் இல்லாத கெவின் ரோச்சும் ஜான் டிங்கலூவும். சில வருடம் ஈரோவின் பெயரிலேயே நடத்திவிட்டு, 1966-இல்தான் தங்கள் பெயரைப் பலகையில் போட்டார்கள். எனக்கு இது பெரிய மனதாகத் தெரிகிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு பக்கம் வேண்டும். ஜப்பானில் 578-ஆம் ஆண்டு தொடங்கியதாகச் சொல்லப்படும் கோங்கோ குமி, மருமகன்களைக் குடும்பப் பெயருக்குள் தத்தெடுத்தே பதினான்கு நூற்றாண்டு கோயில் கட்டிய நிறுவனம். அது சாய்ந்தது நில முதலீட்டுக் கடனில். 2006-இல் வேறொரு நிறுவனத்தின் கீழ் போனது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர்களான ஆடம் சகோதரர்களும் லண்டனில் அடெல்ஃபி குடியிருப்பைத் தாங்களே முதலாளியாகக் கட்டப்போய், 1774-இல் லாட்டரி நடத்தித்தான் மீண்டார்கள். உங்கள் தாத்தாவுக்கும் ஒருமுறை அந்த ஆசை வந்தது. தடுத்தது யார் என்று அப்பாவிடம் கேளுங்கள்.

ரோல்களை ஸ்கேன் பண்ண அனுப்பப்போவதாகக் கேள்வி. டிரேசிங் தாள்களை முதலில் அனுப்புங்கள், மடிப்பில் ஒடியத் தொடங்கியிருக்கும். அம்மோனியா பிரிண்ட்களை, அதாவது அம்மோனியா ஆவியில் எடுத்த வரைபட நகல்களை, வெளிச்சத்தில் விரித்து வைக்காதீர்கள், கோடு வெளுத்துப்போகும். பென்சிலில் 'ரத்து' என்று குறுக்கே எழுதிய தாள்களையும் சேர்த்து அனுப்புங்கள், கட்டாமல் போன வேலைகளும் வேலைதான். ஓரத்தை வெட்டாமல் டைட்டில் பிளாக்கோடு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அந்த இனிஷியல்களுக்கு முழுப்பெயர் வேண்டுமென்றால் ஒரு பட்டியல் போட்டு அனுப்புங்கள். பெரும்பாலானவை எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு மூன்று பேர் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடமும் கேட்டு எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரைவாளர்