மாஸ்கோவிலிருந்து தாத்தாவுக்கு

மாஸ்கோ,
நவம்பர் 12

அன்புள்ள தாத்தாவுக்கு,

நலமாக இருக்கிறேன். பனி விழத் தொடங்கிவிட்டது. பாட்டியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன வாரம் சப்பாத்திக்கு மாவு வாங்கப் போய், கடைக்கார அம்மாளிடம் 'மூக்க' என்று கேட்டேன். அவர் கவலையோடு என் முகத்தைப் பார்த்தார். 'மூக்க' என்றால் வேதனை. மாவுக்குப் பின்னசையை அழுத்தி 'முக்கா' என்று சொல்ல வேண்டும். ரஷ்ய எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். அவரே இரண்டு முறை நிதானமாகச் சொல்லிக் காட்டிவிட்டு மாவை எடுத்துக் கொடுத்தார்.

சொல்லில் ஓர் அசையை மட்டும் ஓங்கிச் சொல்வதுதான் இந்த அழுத்தம். போலிஷ் மொழியில் பெரும்பாலும் கடைசிக்கு முந்திய அசையிலும், செக் மொழியில் முதல் அசையிலும் அழுத்தம் விழும். ரஷ்ய மொழியில் அது எங்கும் விழலாம், வேற்றுமை ஏறினால் இடமும் மாறலாம். கை 'ருக்கா', கைகள் 'ரூக்கி', கையினுடைய என்பது 'ருக்கீ'. பின்னிரண்டுக்கும் எழுத்து ஒன்றே. பாடப்புத்தகத்தில் உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போட்டிருப்பார்கள். செய்தித்தாளில் அது இருக்காது. அழுத்தம் பெறாத ஒகரம் தேய்ந்தும் போகிறது. பாலை 'மொலொக்கொ' என்று எழுதிவிட்டு 'மலக்கோ' என்கிறார்கள்.

எனக்குக் கைகொடுத்தது திருவல்லிக்கேணி மொட்டைமாடிதான், தாத்தா. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று கண் இமைத்தும் கை நொடித்தும் சொல்லித் தந்தீர்களே! இங்கே அழுத்தம் பெறும் உயிர் சற்று நீளவும் செய்கிறது. அதனால் என் காதுக்கு அது நெடிலாகவே கேட்கிறது. இப்போது புதுச்சொல் எது வந்தாலும் நெடில் எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன்.

என் அறைத்தோழிக்குத் தமிழ் கற்றுக்கொள்ள ஆசை. 'வணாக்கம்' என்கிறாள், ஓர் அசையை அழுத்தாமல் அவளால் சொல்லவே முடியவில்லை. 'பல்', 'பால்' இரண்டும் அவளுக்கு ஒன்றாகவே கேட்டன. நம் சொல்லை அழுத்தம் பிரிப்பதில்லை, அளவுதான் பிரிக்கிறது என்று சொல்லி, மேசை மேல் கை நொடித்துக் காட்டினேன். மூன்று நாளில் 'பால்' வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அவளும் உங்களைக் கூப்பிடுவாள். 'தாத்தா'வில் இரண்டாவது நெடில் குறுகாமல் வருகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புப் பேத்தி