'பிறவி ஓட்டக்காரர்கள்' என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்க தடகள சாம்பியன்ஷிப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். 1979இல் செனகலின் தாக்கார் நகரில் தொடங்கிய அந்தப் போட்டியைத் தமிழ் இதழ்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை என்பதால், அதற்கு இடம் கொடுத்தமைக்கு முதலில் நன்றி. ஆனால் ஆப்பிரிக்கர்கள் 'பிறவி ஓட்டக்காரர்கள்' என்று அதில் இரண்டு இடங்களில் எழுதப்பட்டிருப்பதை, நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை.

கென்யாவையும் எத்தியோப்பியாவையும் மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கண்டம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இதே போட்டியில் சம்மட்டி எறிதலில் எகிப்தியரும் தென்னாப்பிரிக்கரும் கோலோச்சியிருக்கிறார்கள். 100 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் 2018இலும் 2022இலும் வென்ற டோபி அமுசான் நைஜீரியர். இரண்டாம் முறை வென்ற அடுத்த மாதமே அமெரிக்காவின் யூஜின் நகரில் 12.12 விநாடியில் உலக சாதனையும் படைத்தார். கென்யரான ஜூலியஸ் யெகோ ஓட்டக்காரரே அல்லர், ஈட்டி எறிபவர். (2025 ஜூலையில் பெங்களூரில் நீரஜ் சோப்ராவுக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தவர் என்றால் நம் வாசகர்களுக்கு நினைவு வரும்.) ஈட்டி எறிதலுக்கென்று வழிகாட்ட ஆளில்லாத சூழலில் யூடியூப் காணொலிகளைப் பார்த்துப் பழகி, ஆப்பிரிக்கப் பட்டத்தைப் பலமுறை வென்று, 2015இல் பெய்ஜிங்கில் 92.72 மீட்டர் எறிந்து உலக சாம்பியனானவரின் உழைப்பை எந்தப் பிறவிக் கணக்கில் சேர்ப்பது?

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று, அந்த வீரர்கள் போட்டி நடக்கும் ஊருக்குப் போய்ச் சேருவதற்கே படும் பாடு. 2018இல் நைஜீரியாவின் அசாபாவில் போட்டி நடந்தபோது, லாகோஸ் விமான நிலையத்தில் வந்திறங்கிய பல அணிகள் உள்நாட்டு விமானம் கிடைக்காமல் காத்துக் கிடந்தன; மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஓட வேண்டிய கால்கள் விமான நிலையத்தின் தரையில் முடங்கிக் கிடந்தன. அங்கு வந்து பதக்கம் வென்றவர்களை 'இயல்பாகவே வேகமானவர்கள்' என்று சொல்லிக் கடந்துவிடுவது நியாயமா?

பெர்டினாண்ட் ஓமன்யாலாவின் கதை இதைவிடக் கசப்பானது. ரக்பி ஆடிக்கொண்டிருந்து பிறகு தடகளத்துக்கு வந்த இந்தக் கென்யர், 2022 ஜூனில் மொரீஷியஸில் நடந்த ஆப்பிரிக்கப் போட்டியின் 100 மீட்டரில், தென்னாப்பிரிக்காவின் அகானி சிம்பைனும் அதே 9.93 விநாடியில் ஓடி முடிக்க, இம்மியளவு முந்தித் தங்கம் வென்றார். அடுத்த மாதம் அமெரிக்காவில் உலக சாம்பியன்ஷிப். விசா கடைசி நேரத்தில்தான் கைக்கு வந்தது. கண்டம் கடந்து பறந்து, தகுதிச் சுற்றுக்குச் சில மணி நேரம் முன்னர்தான் யூஜினில் வந்திறங்கினார். அரையிறுதியைத் தாண்ட முடியவில்லை. தூக்கமில்லாத உடம்பில் தொடக்க ஓட்டத்துக்குக் குனிவது எப்படியிருக்கும் என்பதை, மாவட்டப் போட்டிக்கு இரவெல்லாம் பேருந்தில் நின்றபடி பிள்ளைகளை அழைத்துச் சென்றவன் என்பதால் ஓரளவு அறிவேன்.

அடுத்த முறை இப்போட்டியைப் பற்றித் தங்கள் இதழ் எழுதும்போது, வென்றவர் எங்கே பயிற்சி பெற்றார், யார் பயிற்றுவித்தார், எப்படி வந்து சேர்ந்தார் என்ற விவரங்களுக்கும் சில வரிகள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
விருதுநகர்.