கதவில் ஒட்டும் தாளில் காரணத்தையும் எழுதுங்கள்

தொற்றுநோய்க் காலத்தில் தனிமைப்படுத்தும் ஆணை பிறப்பிக்கும் பொதுச் சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2020இல் எங்கள் வீட்டுக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். பெயர், தேதி, வெளியே வரக் கூடாது, மீறினால் நடவடிக்கை. அவ்வளவுதான் அதில் இருந்தது. அப்பாவுக்குக் கொரோனா. அறிகுறி தொடங்கி 10 நாள் கழிந்து, காய்ச்சலும் விட்டிருந்ததால் அவர் வெளியே போகலாம் என்றார்கள். ஒரு தும்மல்கூட இல்லாத அம்மாவுக்கோ அன்றைக்குத்தான் 14 நாள் கணக்கு ஆரம்பம். காலண்டரில் அதுவரை அடித்துவைத்த 10 கட்டங்களையும் பார்த்துவிட்டு, "நோய் வந்தவரு வெளிய, வராதவ உள்ளயா?" என்று கேட்டார். போனில் பேசிய ஊழியருக்கு, "விதி அப்படித்தான்" என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

விதியில் தப்பில்லை. அப்புறம் தேடிப் படித்தபோதுதான் எனக்கே புரிந்தது. நோயாளியை எத்தனை நாளுக்கு அவர் நோயைப் பரப்புவார் என்று பார்த்து ஒதுக்கி வைக்கிறீர்கள். அவரோடு இருந்தவர் விஷயம் வேறு. அவர் உடம்பில் கிருமி புகுந்திருந்தால் அது தலைகாட்ட எத்தனை நாள் ஆகும் என்பதுதான் அங்கே கணக்கு. ஒரே அறையில் கிடந்து அப்பாவைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்குக் கடைசி நாளில்கூடத் தொற்றியிருக்கலாம். அதனால்தான் அவர் கணக்கு முடிந்த இடத்தில் இவர் கணக்கு தொடங்கியது. நடுவில் பரிசோதனை செய்து நெகட்டிவ் வந்தாலும் உடனே விட முடியாததற்கும் இதே காரணம்தான். இரண்டு வரியில் எழுதியிருக்கலாம். அந்த இரண்டு வரி இல்லாமல் அம்மா அதைத் தண்டனையாகவே அனுபவித்தார்.

காரணம் தெரியாதவர்கள் மனதில் எண் மட்டும்தான் தங்கும். எண்ணோ நோய்க்கு நோய் மாறும். எபோலா நோயாளியோடு பழகியவரை 21 நாள் கண்காணிக்க வேண்டும். ஆனால் அறிகுறி தெரியும் முன் அவரிடமிருந்து அது பரவாது. தட்டம்மை அப்படியில்லை, தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரவும். போன முறை கேட்ட 14ஐ நம்பிக்கொண்டு அடுத்த நோயில் ஒருவர் வெளியே நடமாடினால் அவரை மட்டும் குறை சொல்ல முடியுமா?

எந்த நாளிலிருந்து எண்ணுகிறீர்கள், ஏன் அந்த நாள், எப்போது முடிகிறது, சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? இவ்வளவையும் மக்கள் பேசுகிற மொழியில், கண்ணாடி இல்லாமல் படிக்கிற எழுத்தில் அச்சடியுங்கள். போன் எடுக்கும் ஊழியருக்கும் முதலில் அதைச் சொல்லிக்கொடுங்கள். மீறினால் நடவடிக்கை என்ற வரியை அதற்குக் கீழே போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அந்தக் கதவுக்குள் இருந்த ஒருவர்