பதாகை போதும் ஐயா, ஒரு வகுப்பு வையுங்கள்: எங்கள் ஊர் இணைய மைய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மைய நிர்வாகி ஐயாவுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். சென்ற மாதம் நம் மையத்தில் நடந்த இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு நானும் வந்திருந்தேன். பதாகை பெரிதாக இருந்தது. மீ கோரேங் நன்றாக இருந்தது. பேச வந்தவர், தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்று மலாயில் சொல்லி, இணைய மோசடியைத் தெரிவிக்கும் 997 என்ற எண்ணைத் திரையில் காட்டி, எல்லாரையும் கட்டை விரலைத் தூக்கச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு கிளம்பினார். கேள்வி நேரத்தில் என் அண்ணன் மகன் எழுந்தான். “கைப்பேசிக்குள் ஏற்கெனவே ஏதாவது புகுந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது சார்? இங்குள்ள கணினியில் வயர்ஷார்க் போட்டுக் காட்ட முடியுமா?” என்று கேட்டான். வயர்ஷார்க் என்பது வலையமைப்பில் போய்வரும் தரவைக் காட்டும் மென்பொருள். மையத்தின் சார்பில் வந்த பதில் உங்களுக்கு நினைவிருக்கும்: “அதெல்லாம் ஹேக்கர் வேலை. இங்கே அனுமதி இல்லை.” மறுநாள் அவனைக் கூப்பிட்டு, கணினியில் எதையும் நிறுவ மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டீர்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில், தமிழில், கையால் செய்து பார்த்துக் கற்கிற ஒரு வகுப்பு.

பையன் ஏன் அப்படிக் கேட்டான் என்பது உங்களுக்கும் தெரியும். பழைய லயத்துப் பெரியம்மாவின் விஷயம் ஊரே அறிந்ததுதான். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கல்யாண அழைப்பிதழ் வந்தது. தெரிந்தவர் எண்ணிலிருந்துதான் வந்தது. படமாக இல்லாமல், செயலியை நிறுவும் ஏபிகே கோப்பாக இருந்ததை அவர் எப்படி அறிவார்? அழுத்தினார். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். மொய்யை ஆன்லைனிலேயே போடலாம் என்று ஒரு பக்கம் திறந்தது. அதில் வங்கிக் கணக்கின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினார். பால் மரம் சீவியும் உதிரிப் பழம் பொறுக்கியும் சேர்த்த சேமநிதிப் பணம் அது.

பணம் போனதோடு விட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டை வைத்து அவருடைய புலனக் கணக்கையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதே அழைப்பிதழ் இப்போது பெரியம்மாவின் பெயரில், அவருடைய முகப்புப் படத்தோடு, ஊரில் எல்லாருக்கும் போனது. அவரை நம்பித் திறந்தவர்களில் இரண்டு வீட்டுக்காரர்கள் இன்றுவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்க எப்போதும் முதல் ஆளாக உட்கார்கிறவர், இந்த வருடத் திருவிழாவுக்கு வரவே இல்லை. வங்கியில் “நீங்கள்தானேம்மா அனுமதி கொடுத்தீர்கள்” என்றார்கள். காவல் நிலையத்தில் மரியாதையாகப் புகார் எழுதிக்கொண்டார்கள். கைப்பேசிக் கடையில் எல்லாவற்றையும் அழித்துத் தருகிறேன், காசு கொடு என்றார்கள். “அது இன்னும் உள்ளே இருக்கா, இல்லையா?” என்று அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் யாருமே பதில் சொல்லவில்லை. பயத்தில் கைப்பேசியை அணைத்துத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டார். ஜொகூரில் இருக்கும் மகளோடு பேசக்கூட அதை எடுக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது நீங்கள் ஹேக்கர் என்ற பையன்தான். வங்கிக் கணக்கை முடக்கிய பிறகு, அந்தப் பழைய கைப்பேசியில் பிசிஏபிடிராய்டு என்ற இலவசச் செயலியைப் போட்டான். எந்தச் செயலி எந்த முகவரியோடு பேசுகிறது என்பதை அது வரிவரியாகக் காட்டும். அதற்காகக் கைப்பேசியை உடைத்துத் திறக்க வேண்டியதில்லை. போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பும் விபிஎன் போல உள்ளுக்குள்ளேயே நின்றுகொண்டு போவதையும் வருவதையும் குறித்துக்கொள்ளும். என் எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொன்னான். “சாப்டியா பெரியம்மா” என்று அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்த கையோடு பட்டியலில் ஒரு புது வரி ஏறியது. முகப்பில் தன் படத்தைக் காட்டாமல் ஒளிந்திருந்த ஒரு செயலி, டெலிகிராமின் முகவரிக்கு எதையோ அனுப்பியிருந்தது. அந்தக் கைப்பேசியில் டெலிகிராமே கிடையாது. என்ன அனுப்பியது என்று படிக்க முடியாது, அது பூட்டிய உறை. ஆனால் யார் அனுப்பினார், எங்கே அனுப்பினார், எவ்வளவு அனுப்பினார் என்பது கண்ணெதிரே தெரிந்தது. திரையைப் படம் பிடித்துப் புகாரோடு சேர்த்தோம். செயலியை நீக்கிவிட்டு மறுபடியும் ஒரு செய்தி அனுப்பினோம். வரி ஏறவில்லை. அதன் பிறகுதான் கைப்பேசியை முழுதாக அழித்து, எல்லாக் கடவுச்சொற்களையும் வேறு கருவியிலிருந்து மாற்றினோம்.

இதைத்தான் ஐயா குற்றம் என்கிறீர்கள். மலேசியாவின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவதைத் தண்டிக்கிறது. என் வீட்டு வைஃபை ரௌட்டரில் யார் யார் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நானே பார்ப்பது எந்த வகையில் நுழைவது? வயர்ஷார்க்கும் திருடர்கள் செய்த கருவி அல்ல. ஜெரால்ட் கோம்ஸ் என்பவர் வலையமைப்புக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கவும், வலையமைப்பைப் பற்றித் தானே கற்றுக்கொள்ளவும் எழுதத் தொடங்கியது. 1998இல் ஈதரியல் என்ற பெயரில் வெளிவந்தது, 2006இல் பெயர் மாறியது. இன்றும் இலவசம்தான். அடுத்தவர் போக்குவரத்தைப் பார்க்கக் கூடாது என்ற உங்கள் கவலை நியாயமானது, அதை நான் தள்ளிவிடவில்லை. அதனால்தான் மையத்தின் வைஃபையைத் தொடவே வேண்டாம் என்கிறோம். வகுப்புக்கென்று தனியாக ஒரு மலிவு ரௌட்டர், சில பழைய கைப்பேசிகள், இரண்டு கணினிகள் போதும்.

முதல் நாள் ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுவது. பெரும்பாலான வீடுகளில் அது வாங்கிய நாளிலிருந்து அப்படியே கிடக்கிறது. அப்புறம் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் படிக்கப் பழகுவது. இதில் ஒரு சிக்கல் உண்டு: புதிய கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் அடையாள எண்ணைக் காட்டும், எனவே பட்டியலில் தெரியாத எண்ணைப் பார்த்தவுடன் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிக்கக் கூடாது. இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால்தான் புரியும், பதாகையில் எழுத முடியாது. அடுத்து, ஒரு இணையப் பெயரைத் தட்டினால், அதன் எண் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வி எங்கே போகிறது என்பதை வயர்ஷார்க்கில் பார்ப்பது. 2024 செப்டம்பரில் டிஎன்எஸ் கேள்விகளை இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் பக்கமே திருப்பிவிட வேண்டும் என்ற உத்தரவு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சரே நிறுத்தச் சொன்னார் அல்லவா? அந்த வாரம் நம் தாமான் (குடியிருப்பு) சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் டிஎன்எஸ் பற்றிச் சண்டை போட்டார்கள். அது என்னவென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

தெரியாமல் இருப்பது எங்களுக்குப் பழகிவிட்டது என்று நினைக்கிறீர்கள் போல. இலக்கவியல் பொருளாதாரம் என்று மேடைக்கு மேடை பேச்சு. தமிழ்ப்பள்ளியில் கணினி அறைக்குப் பூட்டு. தோட்டப் பிள்ளைகளுக்கு எப்போதும் அறிமுக வகுப்புதான், அடுத்த வகுப்பு எந்தக் காலத்திலும் வராது. சான்றிதழ் மட்டும் வண்ணத்தில் வரும். என் வீட்டில் மூன்று “கணினி அறிமுகம்” சான்றிதழ்கள் இருக்கின்றன. அவற்றை மாட்ட ஒரு சுவர் கட்ட உதவி உண்டா என்று கேட்க வேண்டும்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர்கள் வீடு திரும்பிக் குளித்துக் கிளம்பும்போது மையம் மூடியிருக்கிறது. தொழிற்சாலைப் பேருந்தில் போகிற பெண்களுக்கும் அதே கதை. எனவேதான் ஞாயிறு காலை. சொல்லிக்கொடுக்க ஆளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன் மகனும் அவன் நண்பர்களும் காசு வாங்காமல் வரத் தயார். உங்கள் ஊழியர் ஒருவர் கூடவே உட்கார்ந்து, என்ன நிறுவுகிறோம் என்பதை முழுக்கப் பார்க்கலாம். அவரும் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. கலந்துகொள்கிறவர்கள் தங்கள் கருவியைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று கையெழுத்துப் போடுவார்கள். பையனிடம் வாங்கிய கடிதத்தை மட்டும் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரௌட்டரும் பழைய கைப்பேசிகளும் எங்கள் பொறுப்பு. இடமும் மின்சாரமும் அனுமதியும் உங்கள் பொறுப்பு. ஞாயிறு காலை, தமிழில், கையால் செய்து பார்க்கிற வகுப்பு. இதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. சேர விரும்புகிறவர்களின் பெயர்ப் பட்டியலை இந்த மடலோடு மையத்தின் முகப்பு மேசையில் கொடுத்திருக்கிறேன், முதல் பெயர் பெரியம்மாவுடையது. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, முடியும் என்றாலும் முடியாது என்றாலும் எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
செம்பனை ஆலையில் கணக்கெழுதும் உங்கள் உறுப்பினர் ஒருத்தி